தோட்டத்தில் டீசல் டேங்க் புதைக்கப் போகிறீர்களா? குழி தோண்டும் முன் இதைப் படியுங்கள்

கல்லல், தேவகோட்டை, புதுவயல் என்று நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் எங்கே போனாலும் இப்போது இரண்டு டிராக்டர், ஒரு அறுவடை இயந்திரம், முடிந்தால் ஒரு ஜேசிபி வைத்திருக்கும் பண்ணைக்காரர்கள் இருக்கிறார்கள். அறுவடை மும்முரத்தில் டீசலுக்காக வண்டியை பங்க் வரை ஓட்டிப் போய்த் திரும்புவதில் பாதி நாள் போய்விடும். அப்போதுதான் "தோட்டத்திலேயே ஒரு டேங்கைப் புதைத்துவிட்டால் என்ன" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. விசாரிக்கப் போனால் ஆளுக்கு ஒரு கதை. டேங்க் செய்து விற்கும் ஒருவர், "விவசாயத்துக்கு லைசென்ஸே கிடையாதுங்க, நீங்க பாட்டுக்குப் புதைங்க" என்று அடித்துச் சொன்னார். அதில் பாதி உண்மை இருக்கிறது, சிக்கலே அந்தப் பாதியால்தான் வருகிறது. அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. எத்தனை லிட்டர் வேண்டும்?

டேங்கின் அளவை டேங்க் விற்பவர் முடிவு செய்யக்கூடாது, உங்கள் நோட்டுப் புத்தகம் முடிவு செய்ய வேண்டும். உழவில் ஒரு 45 குதிரைசக்தி டிராக்டர் மணிக்கு நாலைந்து லிட்டர் குடிக்கும். இரண்டு டிராக்டர் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினாலும் எண்பது லிட்டர்தான். பத்து நாள் தொடர்ந்து ஓடினால் 800 லிட்டர். அறுவடை இயந்திரம் இதைவிடக் கூடுதலாகக் குடிக்கும், அதைச் சேர்த்தாலும் ஒரு வாரத் தேவை 1,500 லிட்டரைத் தாண்டும் பண்ணைகள் நம் பக்கம் மிகக் குறைவு.

இந்தக் கணக்கைப் போடாமல் "எதற்கும் இருக்கட்டும், பத்தாயிரம் லிட்டர் டேங்க்" என்று இறங்கினால், பணமும் முடங்கும், டீசலும் கெடும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பத்தாயிரம் லிட்டருக்கு 9,20,000 ரூபாய் மண்ணுக்கடியில் கிடக்கும். டீசல் ஆறு மாதம், நன்றாக வைத்திருந்தால் ஒரு வருடம் வரை தாங்கும், அதற்கு மேல் நம்ப முடியாது.

2. சட்டம் எங்கே கோடு போடுகிறது

இந்த ஒரு பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டமும் 2002-ஆம் ஆண்டு பெட்ரோலிய விதிகளும்தான் இதற்கு அடிப்படை. இவற்றை நடைமுறைப்படுத்துவது பெசோ என்று எல்லோரும் சொல்லும் மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. தலைமையகம் நாக்பூர், நமக்கான வட்ட அலுவலகம் சென்னை.

எண்ணெய் எத்தனை டிகிரியில் தீப்பற்றும் ஆவியை விடுகிறது என்பதை வைத்துச் சட்டம் மூன்று வகுப்பு பிரிக்கிறது. 23 டிகிரிக்குக் கீழ் என்றால் ஏ வகுப்பு, அதாவது பெட்ரோல். 23-லிருந்து 65-க்குள் என்றால் பி வகுப்பு, நம் டீசலும் மண்ணெண்ணெயும் இதில் வரும். அதற்கு மேல், 93-க்குள், சி வகுப்பு. அது நமக்குத் தேவையில்லை.

சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி, பி வகுப்பு எண்ணெயை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒரே இடத்தில் உங்கள் வசம் இருக்கும் மொத்த அளவு 2,500 லிட்டரைத் தாண்டக்கூடாது. அதோடு, எந்த ஒரு கலனும் 1,000 லிட்டர் கொள்ளளவைத் தாண்டக்கூடாது. இரண்டுமே பொருந்த வேண்டும்.

மேலே சொன்ன "பாதி உண்மை" இதுதான். ஊரில் எல்லோருக்கும் 2,500 தெரியும், அந்த 1,000 பற்றி யாரும் பேசுவதில்லை. 2,000 லிட்டர் டேங்க் ஒன்றை வாங்கிப் புதைத்துவிட்டு "2,500-க்குள்தானே இருக்கிறேன்" என்று நிம்மதியாக இருக்கும் ஆட்கள் உண்டு. அந்த டேங்குக்கு உரிமம் வாங்கியே ஆக வேண்டும். உள்ளே ஐந்நூறு லிட்டர்தான் ஊற்றியிருந்தாலும் சரி, கணக்கில் வருவது கலனின் கொள்ளளவு. புதைத்திருக்கிறீர்களா, மேலே நிறுத்தியிருக்கிறீர்களா என்பதையும் இந்தப் பிரிவு பார்ப்பதில்லை. விவசாயமா, ரைஸ் மில்லா, லாரி செட்டா என்றும் பார்ப்பதில்லை. விவசாயிக்கு என்று தனிச் சலுகை எதுவும் இல்லை, எல்லோருக்கும் இருக்கும் அதே வரம்புதான் உங்களுக்கும்.

"ஒரே இடம்" என்பதையும் கவனியுங்கள். பம்ப் செட் ரூமில் ஆறு பேரல், டிராக்டர் கொட்டகையில் ஏழு பேரல் என்று பிரித்து வைத்தாலும் ஒரே வளாகம் என்றால் கூட்டித்தான் பார்ப்பார்கள். பேரல் 200 லிட்டர் என்றால் 13 பேரல் 2,600 ஆகிவிடும்.

பெட்ரோலுக்குக் கணக்கு வேறு. புல் வெட்டும் மெஷினுக்கும் பவர் ஸ்பிரேயருக்கும் வாங்கி வைப்பீர்கள் அல்லவா, 8-ஆம் பிரிவுப்படி விற்பனைக்கு இல்லாத பெட்ரோல் மொத்தம் 30 லிட்டர் வரைதான் உரிமம் இல்லாமல் வைக்கலாம், உலோகக் கேன் என்றால் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்குள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பண்ணை, நிலத்தடி எரிபொருள் டேங்க் என்று தேடினால் முன்னால் வந்து நிற்பது அமெரிக்க விதிகள். அங்கே வணிக நோக்கம் இல்லாமல் வண்டிக்கு வைத்திருக்கும் 1,100 கேலன் வரையிலான பண்ணை டேங்குகளுக்குக் கூட்டாட்சி அரசின் நிலத்தடி டேங்க் விதியில் விலக்கு உண்டு. அது கிட்டத்தட்ட 4,160 லிட்டர். அதைப் படித்துவிட்டு "சின்ன டேங்குக்கு விலக்கு உண்டாமே" என்று ஒருவர் என்னிடமே வாதம் செய்தார். சிவகங்கை கலெக்டர் ஆபீசில் அந்தக் கேலன் செல்லாது.

3. கோட்டுக்குள் இருந்தால் போதும் என்றால்

என் கருத்து கேட்டால், பத்தில் ஒன்பது பண்ணைக்கு இந்த மூன்றாவது படியோடு வேலை முடிந்தது. நல்ல இரும்புப் பேரல்கள், அல்லது 1,000 லிட்டருக்கு மிகாத ஒரு தரைமேல் டேங்க், கையால் சுற்றும் ஒரு பம்ப். காகிதம் இல்லை, காத்திருப்பு இல்லை.

வைக்கும் இடம்தான் முக்கியம். நம் செம்பூரான் மண் தண்ணீரை இழுக்கிற மாதிரியே எண்ணெயையும் இழுக்கும். சிமெண்ட் தளம் போட்டு, சுற்றிலும் ஒரு முழ உயரத்துக்கு வரப்பு மாதிரி கட்டுச்சுவர் எழுப்பி, அதற்குள் வையுங்கள். எவ்வளவு கொட்டினாலும் சுவருக்குள்ளேயே நிற்க வேண்டும். கிணறு, போர்வெல் பக்கம் வேண்டாம். அதைவிட முக்கியம், ஊருணிக்குப் போகும் வரத்துக்காலின் மேட்டுப் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள். ஐப்பசி மழையில் ஒரு பேரல் கவிழ்ந்தால் ஊர் முழுக்க உங்கள் பேர்தான். மின்கம்பிக்கு நேர் கீழேயும் வேண்டாம், வைக்கோல் போருக்கு அருகிலும் வேண்டாம்.

பேரலை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். சித்திரை வெயிலில் 200 லிட்டர் டீசல் இரண்டு மூன்று லிட்டர் பொங்கும், மூடி பிதுங்கும். நிரம்பிய பேரல் 180 கிலோவுக்கு மேல் இருக்கும், தனி ஆளை விட்டு உருட்டச் சொல்லாதீர்கள். டிரெய்லரில் கொண்டு வரும்போது மூடி இறுக்கி, நிமிர்த்திக் கட்டி, மேலே ஆட்களை ஏற்றாமல் வாருங்கள். சில பங்குகளில் பேரலுக்கு ஊற்றத் தயங்குவார்கள், சிட்டா நகலும் டிராக்டர் ஆர்சி நகலும் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். 2018-லிருந்து எண்ணெய் நிறுவனங்களே வண்டியில் கொண்டு வந்து ஊற்றும் ஏற்பாடும் நம் நாட்டில் இருக்கிறது, உங்கள் பக்கத்து பங்கில் அது உண்டா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வேலை மிச்சம்.

காலிப் பேரல் பற்றியும் சொல்ல வேண்டும். நிரம்பிய பேரலைவிடக் காலிப் பேரல்தான் ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும். தொட்டி செய்யலாம், அடுப்பு செய்யலாம் என்று வெல்டிங் பட்டறையில் கொடுத்து வெட்டச் சொல்லாதீர்கள். வெடித்து ஆள் செத்த சம்பவங்கள் நாட்டில் நிறைய.

4. அதற்கும் மேல் வேண்டும் என்றால், முதலில் விலையைக் கேளுங்கள்

சரி, உங்களுக்கு உண்மையிலேயே பெரிய டேங்க் தேவை. நூறு ஏக்கர், ஐந்தாறு வண்டி, கூடவே மில். அப்படியானால் நீங்கள் போடப்போவதற்கு நடைமுறையில் கன்ஸ்யூமர் பம்ப் என்று பெயர். எண்ணெய் நிறுவனத்தின் லாரி நேரே வந்து உங்கள் டேங்கில் இறக்கும்.

பலர் இதில் விலை குறையும் என்று நினைக்கிறார்கள். 2013 ஜனவரியிலிருந்து மொத்தமாக வாங்குகிறவர்களுக்குத் தனி விலை. 2022 மார்ச்சில் அந்த மொத்த விலை பங்க் விலையைவிட லிட்டருக்கு ஏறக்குறைய 25 ரூபாய் கூடுதலாகப் போனது. அந்த நேரத்தில் பத்தாயிரம் லிட்டர் வாங்கியிருந்தால் இரண்டரை லட்சம் கூடுதல். எப்போதும் அப்படி இருக்காது, ஆனால் அப்படியும் ஆகும். நிறுவனத்தின் விற்பனை அதிகாரியிடம் இன்றைய மொத்த விலை, ஒரு தடவைக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு இறக்குவார்கள், உங்கள் ஊர் வரை லாரி வருமா, இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு பிறகு அடுத்த படிக்குப் போங்கள். வண்டிப் பாதையில் லாரி திரும்ப இடமில்லாமல் திட்டத்தைக் கைவிட்டவர்களும் உண்டு.

5. நிலத்துக் காகிதங்கள்

செட்டிநாட்டில் வேலை தடைபடுவது இங்கேதான். சிட்டா, அ-பதிவேடு, எஃப்எம்பி ஸ்கெட்ச் (நில அளவை வரைபடம்) மூன்றும் வருவாய்த் துறையின் ஆன்லைன் சேவையில் எடுக்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத் துறை தளத்தில். மூலப் பத்திரம் உங்களிடம் இருக்கும். இதுவரை எளிது.

ஆனால் பட்டா கூட்டுப் பட்டாவாக இருந்தால்? நம் பக்கம் பாதி நிலம் அப்படித்தான் இருக்கிறது. ஒரு பங்காளி சென்னை, ஒருவர் கோயம்புத்தூர், ஒருவர் மலேசியா, இறந்துபோன பெரியப்பா பேர் இன்னும் பட்டாவில். டேங்க் வரும் இடத்துக்கு மட்டுமாவது உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாப் பங்காளியிடமும் சம்மதக் கடிதம் வாங்க வேண்டும், வெளிநாட்டில் இருப்பவர் கையெழுத்தை அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் செய்து அனுப்பச் சொல்வார்கள், அது எப்போது வரும் என்று முருகனுக்குத்தான் தெரியும். குத்தகை நிலம் என்றால் வாய்ப்பேச்சுக் குத்தகை உதவாது, பதிவு செய்த குத்தகைப் பத்திரம் வேண்டும், அதில் எரிபொருள் டேங்க் அமைக்க அனுமதி என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

நிலம் எந்த மாவட்டம் என்பதையும் உறுதி செய்யுங்கள். நமக்குக் கடைத்தெரு காரைக்குடியாக இருக்கலாம், ஆனால் ராயவரம், அரிமளம், கோனாபட்டுப் பக்கம் எல்லாம் புதுக்கோட்டை மாவட்டம். தவறான கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தால் திருப்பி அனுப்பவே ஒரு மாதம் எடுத்துக்கொள்வார்கள்.

6. பெசோ முன் ஒப்புதல், கலெக்டரின் தடையில்லாச் சான்று

இரண்டு கதவு. இரண்டையும் ஒன்றாகத் தட்டலாம்.

முதலாவது, பெட்ரோலிய விதி 131-இன் கீழ் வரைபடத்துக்கு முன் ஒப்புதல். விண்ணப்பம் பெசோவின் ஆன்லைன் தளத்தில். இடத்தின் வரைபடம், டேங்க், பம்ப், நிரப்பும் முனை, ஆவிக்குழாய் எங்கெங்கே, சுற்றியுள்ள கட்டடம், மின்கம்பி, சாலை எத்தனை மீட்டர் தள்ளி, எல்லாம் அளவோடு வேண்டும். பெட்ரோல் பங்க் வரைபடம் போட்டுப் பழகிய ஆளிடம் போங்கள். வீட்டுக்கு பிளான் போடும் இன்ஜினியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதற்கு வேண்டாம், பாதுகாப்பு இடைவெளிகளைக் குறிக்க விட்டுவிடுவார், கேள்வி எழுப்பித் திருப்பி அனுப்புவார்கள்.

இரண்டாவது, விதி 144-இன் கீழ் கலெக்டர் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று. மனு உள்ளே போனதும் தாசில்தார், கோட்டாட்சியர், காவல் துறை, தீயணைப்புத் துறை, ஊராட்சி என்று கருத்துக் கேட்டு ஓலை போகும். காரைக்குடி, தேவகோட்டை வட்டங்கள் என்றால் கோட்டாட்சியர் அலுவலகம் தேவகோட்டையில். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. இருந்தாலும் அது தானாக நடக்காது. எந்தத் துறையின் அறிக்கை வரவில்லை என்று பிரிவு எழுத்தரிடம் கேட்டு, அந்த அலுவலகத்துக்குப் போய், மனு எண்ணைச் சொல்லி நினைவூட்டுங்கள். எண்ணும் தேதியும் குறித்த ஒரு சின்ன நோட்டு சட்டைப் பையிலேயே இருக்கட்டும். சான்றோடு கலெக்டர் அலுவலக முத்திரை போட்ட வரைபடமும் சேர்த்து வாங்குங்கள், வெறும் கடிதம் மட்டும் வாங்கி வந்தால் அடுத்த கட்டத்தில் நிற்கும்.

இந்த இரண்டும் கைக்கு வரும் வரை குழி தோண்டாதீர்கள், டேங்குக்கு முன்பணமும் கொடுக்காதீர்கள். ஒப்புதலில் இடத்தை நகர்த்தச் சொன்னால் தோண்டிய குழி மீன் வளர்க்கத்தான் ஆகும்.

7. குழியும் டேங்கும்

டேங்க் ஐஎஸ் 10987 தரப்படி செய்யப்பட்டதா என்று கேளுங்கள், நிலத்தடி, தரைமேல் படுக்கை உருளை டேங்குகளுக்கான இந்தியத் தரம் அது. "பழைய டேங்கர் லாரித் தொட்டி இருக்கு, சல்லிசா முடிச்சுடலாம்" என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நம் ஊர் நிலத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று துரு. ஈர மண்ணில் வெறும் இரும்பு நிற்காது, வெளிப்பூச்சு முழுசாக இருக்க வேண்டும், இறக்கும்போது சங்கிலி உரசிய இடத்தில் எல்லாம் திரும்பப் பூச வேண்டும், சுற்றிலும் சுத்தமான மணல் போட வேண்டும், தோண்டிய கல்லையே திரும்பத் தள்ளக்கூடாது. (துருப்பிடிப்பை ஆராய்கிற மத்திய அரசு நிறுவனம் சிக்ரி காரைக்குடியிலேயே இருக்கிறது, அந்த ஊரில் இருந்துகொண்டு பூச்சு இல்லாத டேங்கைப் புதைப்பது கொஞ்சம் அநியாயம்.)

இன்னொன்று மிதப்பு. பலர் இதை நம்ப மாட்டார்கள். கண்மாய் அடி நிலத்தில் கார்த்திகை மழைக்கு நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். பத்தாயிரம் லிட்டர் டேங்க் நீரில் முழுசாக மூழ்கினால் பத்து டன் விசை அதை மேலே தள்ளும், காலி டேங்கின் எடையோ அதில் ஒரு சின்னப் பகுதிதான். மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வரும், வரும்போது குழாயை முறித்துவிடும். அடியில் கான்கிரீட் தளம் போட்டு, பட்டை கொண்டு டேங்கைக் கட்டி இறுக்குங்கள். மழைக்காலத்தில் டேங்கைக் காலியாக விடாதீர்கள்.

ஆவிக்குழாய் தரையிலிருந்து நாலு மீட்டருக்குக் குறையாமல், வாயில் துருப்பிடிக்காத கம்பி வலையோடு. நிரப்பும் வாய்க்குப் பூட்டு. எர்த்திங் கட்டாயம்.

8. சோதனை, உரிமம், முதல் லோடு

டேங்கை மூடும் முன் தகுதி பெற்றவரைக் கொண்டு நீர் அழுத்தச் சோதனை செய்து சான்று வாங்குங்கள். மண் போட்டு மூடிய பிறகு சோதனை என்றால் திரும்பத் தோண்ட வேண்டியதுதான். அப்புறம் தடையில்லாச் சான்று, முத்திரையிட்ட வரைபடம், சோதனைச் சான்று, நிலக் காகிதம், கட்டண ரசீது எல்லாம் சேர்த்து உரிமத்துக்கு விண்ணப்பம். வண்டிகளுக்கு ஊற்றும் பம்போடு கூடிய டேங்க் என்றால் உரிமம் படிவம் 14-இல் வரும். அதிகாரி நேரில் பார்க்க வரலாம், ஒப்புதல் வரைபடத்துக்கும் தரையில் இருப்பதற்கும் ஒரு அடி வித்தியாசம் இருந்தாலும் கேள்வி வரும். உரிமம் கைக்கு வரும் முன் ஒரு லிட்டர்கூட இறக்காதீர்கள்.

9. செலவும் காலமும்

அரசுக் கட்டணம் மொத்தச் செலவில் சின்னப் பகுதிதான், அன்றைய தொகை விண்ணப்பிக்கும்போதே தளத்தில் காட்டும். பணம் போவது டேங்க், கான்கிரீட், கிரேன், பம்ப், மின் வேலை, வரைபடக்காரர் ஆகியவற்றுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலைப்புள்ளி வாங்குங்கள். "எல்லாம் நானே முடிச்சுத் தரேன்" என்று மொத்தத் தொகை சொல்கிறவரிடம், உரிமம் யார் பெயரில் வரும், கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

காலத்துக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் என்று மனதில் வையுங்கள். தை, மாசியில் மனுக் கொடுத்தால் வெயில் காலத்தில் குழி வேலை, மழைக்கு முன் மூடிவிடலாம். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் கலெக்டர் ஆபீசில் உங்கள் கோப்பை யாரும் தொட மாட்டார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. டேங்க் வந்த பிறகு

பக்கத்து வயல்காரர் அவசரத்துக்கு இருபது லிட்டர் கேட்பார். காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது விற்பனை. டீசல் விநியோகத்தை ஒழுங்குபடுத்தும் 2005-ஆம் ஆண்டு ஆணை அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வருவது, அந்தச் சட்டத்தில் ஏழு வருடம் வரை சிறை உண்டு. வாடகைக்கு வந்த அறுவடை வண்டிக்கு ஊற்றிக் கூலியில் கழிக்கும் பழக்கத்தையும் தவிர்த்துவிடுவது நல்லது. வரவு, செலவு, அளவுக்கம்பி காட்டும் இருப்பு, மூன்றையும் தினம் ஒரு நோட்டில் எழுதுங்கள். வண்டி எடுக்காத நாளிலும் இருப்பு குறைந்தால் கசிவு.

மழைக்குப் பிறகு அளவுக்கம்பியின் நுனியில் தண்ணீர் காட்டும் பேஸ்ட் தடவி இறக்குங்கள், நிறம் மாறினால் அடியில் தண்ணீர் நிற்கிறது. அந்த டீசல் வண்டிக்குள் போனால் இன்ஜெக்டர் கெட்டுப் போகும்.

டேங்குக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்லாதீர்கள். காற்றைச் சோதிக்காமல் உள்ளே இறங்கினால் மூச்சு நின்றுவிடும், காப்பாற்ற இறங்குகிறவரும் வெளியே வர மாட்டார். அதற்கென்று இருக்கிற ஆட்களைக் கூப்பிடுங்கள். பழைய மில்லையோ தோட்டத்தையோ வாங்கி, அதில் எப்போதோ புதைத்த டேங்க் இருந்தாலும் இதே கதைதான், மூடியைத் திறந்து தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வேலை வேண்டாம்.

உரிமம் அதிகபட்சம் பத்து வருடத்துக்குக் கிடைக்கும், முடியும் நாள் டிசம்பர் 31. அந்த நேரம் நம் பக்கம் மழையும் வயல் வேலையும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும். ஆகையால் கடைசி வருடம் ஆடி மாதமே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். நிலம் மகன் பெயருக்கோ மகள் பெயருக்கோ மாறியிருந்தால் உரிமத்தையும் அவர்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், பட்டா மாறினால் உரிமம் தானாக மாறாது.